பச்சைக் குஞ்சுக்குப் போட்ட கட்டு

போன வாரம் நம் ரயில்வே குவார்ட்டர்ஸ் லைன் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருத்தி ஒரு பழைய படத்தைப் போட்டாள். பள்ளிக் கண்காட்சி. நெற்றியில் எண்ணெய் வழிய நான் நிற்கிறேன். ஒரு கையில் சேவல், இன்னொரு கையில் நோட்டு. கீழே ‘நம்ம கோழி டாக்டர்’ என்று எழுதியிருந்தது. இதயமும் கைதட்டலுமாக வரிசையாகப் போட்டுத் தள்ளினீர்கள். நானும் ஒரு சிரிப்பைப் போட்டேன். பிறகு இரண்டு நாள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேவலின் இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. படத்தில் அது நன்றாகவே தெரிகிறது. உங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

முப்பதுகூட ஆகவில்லை, அதற்குள் பழங்கதை எழுத உட்கார்ந்துவிட்டாளா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் எதையும் பாதியில் விடுகிறவள் என்பதும் உங்களுக்குத் தெரியும். கீபோர்டு வகுப்பு, ஜெர்மன் மொழி, மூன்று வேலை என எல்லாமே பாதியில் நின்றவைதான். இதையாவது முடித்துவிடுகிறேன்.

நாம் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஆனி மாதம் அது. அப்பா ஸ்ரீரங்கத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டு, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, பொன்மலை பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் ஆறு கோழிக்குஞ்சுகளை வாங்கி வந்தார். சாயம் போட்ட குஞ்சுகள். ரோஸ் மூன்று, மஞ்சள் இரண்டு, பச்சை ஒன்று. மிக்ஸி வாங்கிய அட்டைப்பெட்டியில் பேப்பரை விரித்து உள்ளே விட்டோம். அன்று சாயங்காலமே நம் லைனின் எட்டு வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் வராந்தாவில்தான்.

முதலில் என்ன செய்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா? சாயம் போகுமா என்று பார்க்க சோப்புத்தூள் கரைத்த வாளியில் இரண்டு மஞ்சளையும் முக்கினோம். சாயம் கொஞ்சம் போயிற்று. குஞ்சுகள் முழுதாகப் போயின. நடுங்கி நடுங்கி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, பொழுது சாய்வதற்குள் விறைத்துவிட்டன. அம்மா இரண்டையும் முறத்தில் வாரிச் சுவருக்கு அந்தப் பக்கம், தண்டவாளத்து ஓரம் வீசினாள். காக்கைகள் இறங்கியதைப் பார்க்க நாம் எல்லோரும் சுவரில் ஏறினோம். யாரும் அழவில்லை. இன்னும் நாலு இருக்கிறதே என்று நான் சொன்னேனாம். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

மூன்றாம் நாள் ரோஸ் ஒன்று எழுந்து நிற்கவில்லை. இரண்டு காலும் இரண்டு பக்கமாக வழுக்கிப் போய், வயிறு தரையில் பட, தவளை மாதிரிக் கிடந்தது. தீனிக் கிண்ணம் வரை இழுத்துக்கொண்டு போகும். மற்றவை அதன் முதுகில் ஏறிப் போய்த் தின்னும். அம்மா பார்த்துவிட்டு, “இது தேறாது. இப்பவே சுவத்துக்கு அந்தப் பக்கம் போட்டுடு” என்றாள்.

அப்போதுதான் அவள் பேசினாள். வராந்தாத் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல்.

“பேப்பர்ல கால் நிக்காது. சாக்கு போடணும்.”

எதிர்வீட்டு ஆன்ட்டியின் அண்ணன் மகள். நாம் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, ‘துறையூர்’ என்றுதான் கூப்பிடுவோம். துறையூருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு ஊர். அம்மா செத்துப்போய்விட்டாள். அப்பா வாழைத்தார் லாரியில் ஏறினால் வாரக்கணக்கில் வரமாட்டார். ஐந்தாம் வகுப்போடு அவர் நிறுத்திவிடப் பார்த்தவளை, படிக்க வைக்கிறேன் என்று ஆன்ட்டி கூட்டி வந்திருந்தார். வந்த முதல் நாளே குழாயடியில் எல்லோர் முன்னிலையிலும் ஆன்ட்டி சொன்னது எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது. “சோறு போடுறேன், ஸ்கூலுக்கு அனுப்புறேன். ஆனா உன்மேல ஒரு புகார், ஒரே ஒரு புகார் வந்துச்சுன்னு வை, அன்னைக்கே பஸ் ஏத்தி விட்டுடுவேன்.” பஸ் ஏறினால் பள்ளிக்கூடம் இல்லை, அப்பாவுக்கும் இரண்டு தம்பிகளுக்கும் சமையல்தான் என்று அவளுக்குத் தெரியும். நமக்கும் தெரியும்.

தெரிந்ததை வைத்து நாம் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தோம். ‘சொல்லிடவா?’ விளையாட்டு. அவளுடைய புது ரப்பர் வேண்டுமா? “உங்க அத்தைகிட்ட சொல்லிடவா?” என்றால் போதும். எதைச் சொல்வது என்று அவளும் கேட்கமாட்டாள், நமக்கும் தெரியாது. ரப்பர் வந்துவிடும். ஊஞ்சல் முறை வந்துவிடும். ஒருநாள் உங்களில் ஒருவன் அவளைச் செருப்பில்லாமல் வெயிலில் தண்ணீர் டேங்க் வரை ஓடிவிட்டு வரச் சொன்னான். ஓடினாள். திரும்பி வந்து, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டே சிரித்தாள். நாமும் சிரித்தோம்.

அவளுக்குக் குஞ்சுகளைத் தெரிந்திருந்தது. பேப்பரை எடுத்துவிட்டுச் சாக்குத் துண்டு விரித்தாள். என்னிடம் பிளாஸ்திரி இருக்கிறதா என்று கேட்டாள். முட்டியில் அடிபட்டால் ஒட்டுகிற சாதாரண பிளாஸ்திரிதான். அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு காலைச் சுற்றி ஒட்டி, நடுவில் பஞ்சு வருகிற மாதிரி விட்டு, அடுத்த காலைச் சுற்றி ஒட்டினாள். கைவிலங்கு மாதிரி இருந்தது. இரண்டு காலுக்கும் நடுவில் அதன் உடம்பு அகலம் இருக்க வேண்டும், அதைவிடக் கிட்டத்தில் இழுத்தால் விழுந்துவிடும், இறுக்கினால் கால் வீங்கிவிடும், காலையும் மாலையும் பார்க்க வேண்டும் என்றாள். குஞ்சு இரண்டு முறை மூக்குக் குப்புற விழுந்தது. மூன்றாம் முறை நின்றது. கட்டுப் போட்ட நான்காம் நாள் பிரித்தபோது ஓடியது.

அதற்குள் நான் ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். நூறு பக்கம், கோடு போடாதது. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். விரல் மடங்கிப் போன குஞ்சுக்கு, காலளவுக்கு அட்டை வெட்டி, விரல்களைப் பிரித்து வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டினால் அது ஒரு செருப்பு. விரல் நுனியில் எச்சம் காய்ந்து உருண்டையாகப் பிடித்திருந்தால் பிய்க்கக் கூடாது, நகம் சேர்ந்து வந்துவிடும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் வைத்து, குஞ்சை மார்பு நனையாமல் பிடித்து, ஊறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். விரலில் தலைமுடி சுற்றியிருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். முடி வெளியே தெரியாது, விரல் சிவந்திருப்பதுதான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் படம் வரைந்து, ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டினேன். முதல் பக்கத்தில் என் பெயரைப் பெரிதாக எழுதினேன். அவள் பெயரை எங்கேயும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

பெயர் பரவிவிட்டது. பக்கத்து லைனிலிருந்து குஞ்சுகள் வந்தன. கடைசி வீட்டு ரயில்வே கார்டு மாமா தன் நாட்டுக்கோழி போட்ட குஞ்சைச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டு வந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்க அவள் கட்டுவாள். கேட்பவர்களுக்கு நான் விளக்கம் சொல்வேன். கார்டு மாமா என் தலையில் கை வைத்து, “டாக்டரம்மா, பின்னால எங்களை மறந்துடாதீங்க” என்றார். அவள் கீழே உட்கார்ந்து எச்சம் வாரிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றும் அவளிடம் கற்றேன், பூக்கட்ட. ஆன்ட்டி லைன் முழுக்க வெள்ளிக்கிழமைக்குப் பூச்சரம் கொடுப்பார். கட்டுவது அவள். வாழைநாரை ஈரத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, மடியில் இங்கிலீஷ் புத்தகத்தை விரித்து வைத்து, வாய் படிக்கக் கை கட்டும். நான் கட்டினால் முடிச்சு எதிர்ப்பக்கமாக விழும். எனக்கு இடக்கை. “உன் சரத்தை ஆயிரம் சரத்துல கண்டுபிடிச்சிடலாம்டி” என்று அவள் சிரிப்பாள். ஆன்ட்டி என் சரத்தை மட்டும் பிரித்துவிட்டு மறுபடி கட்டச் சொல்வார்.

ஆடிப்பெருக்கு வந்தது. லைன் முழுக்க ஸ்ரீரங்கம் போவதாக ஏற்பாடு. அம்மா மண்டபம் படித்துறையில் படைத்துவிட்டு, பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் திரும்புவது. பெரியம்மா மகனும் எங்களோடு வருவதாக இருந்தது. கோழி டாக்டரை நேரில் பார்க்க வேண்டுமாம். அவன் சென்னையில் படிக்கிறவன், எதைக் காட்டினாலும் ‘இதுல என்ன இருக்கு’ என்பவன்.

முந்தின நாள் சாயங்காலம் பெட்டியைப் பார்த்தேன். ஒரு குஞ்சுக்கும் ஒன்றும் இல்லை. கார்டு மாமா குஞ்சைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ரோஸ் மூன்றும் குதித்துக்கொண்டிருந்தன. அவனுக்குக் காட்டக் கட்டுப் போட்ட ஒரு கால்கூட இல்லாத ஆஸ்பத்திரி.

பச்சைக் குஞ்சைத் தூக்கினேன். அதற்கு எந்தக் குறையும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. ஆறில் அதுதான் வேகமாக ஓடும். கால் கொஞ்சம் அகலமாக வைக்கிற மாதிரி இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிளாஸ்திரி தீர்ந்திருந்தது. எதிர்வீட்டு வராந்தாவில் ஈரத் துணியில் நார் இருந்தது. ஒன்றை உருவி வந்து இரண்டு காலையும் எட்டுப் போலச் சுற்றிக் கட்டினேன். குஞ்சு கத்தியது. கத்தினால் கட்டு சரியாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம் என்று நினைத்தேன். எங்கே அப்படிப் படித்தேன் என்று தெரியவில்லை. கட்டி, பெட்டியில் விட்டு, மூடிவிட்டேன். விடியற்காலை எழுந்து கிளம்பிய அவசரத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

அவளை மட்டும் ஆன்ட்டி கூட்டி வரவில்லை. எட்டு வீட்டு வாசலையும் கூட்டித் தெளித்து, பாத்திரங்களைத் தேய்த்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் குஞ்சுகளுக்குத் தீனி வைக்கும்படி அம்மாவும் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் இல்லை. படித்துறையில் குழாய் போட்டு, ஷவர் வைத்து, அதன் கீழே காவேரிக்குப் படைத்தார்கள். காப்பரிசியும் காதோலை கருகமணியும் ஈர மணலில் கிடந்தன. அம்மா என் கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டி, விரலை உள்ளே விட்டுப் பார்த்து, “இறுக்கமா இருக்காடி?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்போதுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

மூன்று மணி இருக்கும், நாம் எல்லோரும் லைனுக்குள் நுழைந்தபோது. எங்கள் வராந்தாவில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பச்சைக் குஞ்சு. கையில் பாதி பிளேடு. பாவாடையில் ரத்தம். நார் சதைக்குள் இறங்கியிருந்தது. கால் இரண்டும் புடைத்து, இடது காலின் இரண்டு விரல்கள் நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சுற்றை அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆன்ட்டி போன வேகத்தில் அவள் சடையைப் பிடித்துத் தூக்கினார். குஞ்சு தரையில் விழுந்தது.

“ரத்தம் பாக்க ஆசையா இருக்காடி உனக்கு? ஊரே கோயிலுக்குப் போயிருக்கு, நீ வாயில்லாத உயிரைப் போட்டு அறுத்துக்கிட்டிருக்கியா?”

“நான் அறுத்துதான் விட்டேன் அத்தை. கட்டினது நான் இல்ல.”

“வேற யாரு இருக்கா இங்க? லைன்ல நார் வச்சுக் கட்டுறவ வேற யாரு?”

அவள் என்னைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. “அவதான் கட்டினா” என்று மட்டும் சொன்னாள். சத்தமே இல்லை அந்தக் குரலில்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். பெரியம்மா மகனும் பார்த்தான். ஆன்ட்டி என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நீ கட்டினியாம்மா?” என்று கேட்டார்.

நான் சொன்ன பதிலை ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதுகிறேன்.

“நான் நார் கட்டமாட்டேன் ஆன்ட்டி. பிளாஸ்திரிதான் ஒட்டுவேன். நோட்ல இருக்கு, வேணும்னா பாருங்க.”

அம்மா உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தாள். பக்கம் புரட்டி எல்லோருக்கும் காட்டினாள். பிளாஸ்திரி. பிளாஸ்திரி. இறுக்கக் கூடாது. காலையும் மாலையும் பார்க்க வேண்டும். அவள் சொன்ன வாக்கியங்கள் என் கையெழுத்தில் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லின. அறுந்த நாரை அம்மா தரையிலிருந்து பொறுக்கி, ஒரு நொடி பார்த்துவிட்டு, உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டாள். “பொறாமை. வேறென்ன. நம்ம பிள்ளைக்குப் பேரு வருதுல்ல” என்றாள்.

உங்களில் யாரோ பின்னாலிருந்து ‘சொல்லிடவா’ என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. இரண்டு பேர் சிரித்தீர்கள். யார் என்று கேட்க இதை எழுதவில்லை.

மறுநாள் காலை ஆன்ட்டி அவளைச் சத்திரம் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப் போனார். துணிப்பை ஒன்று, பள்ளிக்கூடப் பை ஒன்று. பள்ளிக்கூடப் பையைக் கிளம்பும்போதே ஆன்ட்டி திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார், மகன் அடுத்த வருடம் பள்ளிக்குப் போவான் என்று. புத்தகங்களை அவள் மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். எங்கள் வாசலைத் தாண்டும்போது நின்று, “மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீர்ல கால வை. கருத்த விரல் தானா விழும், பிய்க்காத” என்றாள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். நோட்டில் அதையும் எழுதிக்கொண்டேன்.

விரல்கள் பத்து நாளில் விழுந்தன. குஞ்சு பிழைத்துவிட்டது. அவள் நாரை வெட்டிவிட்டதால்தான் பிழைத்தது. பெயர் எனக்கு வந்தது. ‘கோழிக்குஞ்சுகளின் கால் கோளாறுகளும் வீட்டு வைத்தியமும்’ என்று சார்ட் எழுதி, பச்சை உதிர்ந்து வெள்ளையாக வளர்ந்து நின்ற சேவலை மேசைமேல் கட்டிப்போட்டு, கண்காட்சியில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினேன். நீங்கள் போட்ட படம் அன்றைக்கு எடுத்ததுதான். சேவல் அந்தத் தீபாவளிக்குக் குழம்பாயிற்று. கால் துண்டு எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கித் தின்றேன்.

அப்பாவுக்கு மாற்றல் வந்து வீட்டைக் காலி செய்தபோது அந்த நோட்டு அகப்பட்டது. நான் கல்லூரியில் இருந்தேன். நடந்ததை முதல் தடவையாக அம்மாவிடம் சொன்னேன். அவள் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றுவதை நிறுத்தவில்லை.

“தெரியும்டி. முடிச்சு எதிர்ப்பக்கமா விழுந்திருந்துச்சு. உன் முடிச்சு எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏம்மா ஆன்ட்டிகிட்ட சொல்லல?”

“அவங்களுக்கு மட்டும் தெரியாதா? வாரா வாரம் உன் சரத்தைப் பிரிச்சவங்க அவங்கதானே. வீட்டுக்காரரு தினமும் சோத்துக்குக் கணக்குப் பாத்து சண்டை போடுவாரு. அவங்களுக்கு ஒரு புகார் வேண்டியிருந்துச்சு. நமக்கு நீ இருந்த.”

பெரியவர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் புத்திசாலித்தனத்தின்மேல் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அங்கே ஏமாந்தவர் ஒருவரும் இல்லை. அந்த நோட்டை அம்மா பழைய பேப்பரோடு போட்டுவிட்டாள். நானும் தடுக்கவில்லை.

போன மாதம் அவளைப் பார்த்தேன். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். சத்திரம் பேருந்து நிலையம், துறையூர் பஸ் நிற்கும் இடம். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு வாழைப்பூ. அவள்தான் என்னை முதலில் கண்டுகொண்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பதிலுக்குச் சொல்ல என் வாயில் ‘துறையூர்’ தவிர ஒன்றும் வரவில்லை, அதனால் சும்மா சிரித்தேன். என்ன படித்தாய், எங்கே வேலை என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அந்தப் பச்சைக் குஞ்சு பொழச்சுதா?”

“பொழச்சுது. நல்லா பெருசா வளந்துச்சு. இடது கால்ல ரெண்டு விரல்தான் போச்சு.”

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. சேவலுக்கு அப்புறம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள்.

“அன்னைக்கு வாசல், பாத்திரம் எல்லாம் முடிச்சுட்டுத்தான் பெட்டியைத் திறந்தேன். முதல்லயே பாத்திருந்தா அந்த ரெண்டு விரலும் போயிருக்காதுல்ல?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். வருடக்கணக்காக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது. என் வாய் திறந்தது.

“ஆமா, ரத்த ஓட்டம் நின்னுட்டா சதை ரொம்ப நேரம் தாங்காது. காலையிலயே வெட்டியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்” என்று விளக்கினேன்.

அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அன்று கார்டு மாமாவுக்கு நான் விளக்கம் சொன்னபோது கீழே உட்கார்ந்து கேட்ட அதே முகம். தலையாட்டினாள். துறையூர் பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.